ஜாவா வலைச் செயலியில் தரவுத்தள இணைப்பை அமைத்தல்

ஜாவாவில் எழுதிய வலைச் செயலி எதுவானாலும் அது தரவுத்தளத்தோடு பேசுவது பெரும்பாலும் ஜேடிபிசி வழியாகத்தான். 1997இல் ஜேடிகே 1.1 உடன் வந்த இந்த இடைமுகத்தின் மேல் ஹைபர்னேட், ஜேபிஏ, ஸ்பிரிங் டேட்டா என்று பல அடுக்குகள் எழுந்துவிட்டன. அடியில் ஓடுவது இன்றும் அதே ஜேடிபிசி இணைப்பு. ஆகவே மேலடுக்கு எதுவாக இருந்தாலும் முடிவு செய்ய வேண்டியவை மாறுவதில்லை: எந்த டிரைவர், எந்த முகவரி, யாருடைய கணக்கு, எத்தனை இணைப்புகள், எவ்வளவு நேரம் காத்திருப்பது. முதல் மூன்றில் தவறு இருந்தால் முதல் கோரிக்கையிலேயே பிழை முகத்தில் அடிக்கும். கடைசி இரண்டில் தவறு இருந்தால் செயலி மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டு, கூட்டம் கூடும் நாளில் நின்றுபோகும். அவற்றுக்கு இங்கே கூடுதல் இடம் தரப்படுவது அதனால்தான்.

எடுத்துக்காட்டாக, டாம்கேட் சர்வரில் ஓடி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் ஒரு நூலகச் செயலியை வைத்துக்கொள்ளலாம். மைஎஸ்கியூஎல் வேறுபடும் இடங்கள் அங்கங்கே சுட்டப்படும்.

டிரைவரும் முகவரியும்

டிரைவர் என்பது தரவுத்தளத்தை உருவாக்கியவர்கள் தரும் ஒரு ஜார் கோப்பு. பழைய பாடங்களில் டிரைவர் வகுப்பின் பெயரைக் குறிப்பிட்டு அதை நிரலுக்குள் ஏற்றும் ஒரு வரி கட்டாயம் இருக்கும். 2006இல் ஜாவா 6 உடன் வந்த ஜேடிபிசி 4.0, அந்த வரிக்குத் தேவையில்லாமல் செய்துவிட்டது. ஜார் கோப்பு இருந்தால் டிரைவர் தானே பதிவாகிவிடும். டாம்கேட்டில் மட்டும் இதற்கு ஒரு விலக்கு உண்டு. டாம்கேட் தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான் டிரைவர்களைத் தேடுகிறது. அப்போது அதன் கண்ணுக்குத் தெரிவது டாம்கேட்டின் சொந்த 'லிப்' அடைவு மட்டுமே. செயலிக்குள் 'வெப்-இன்ஃப்' அடைவில் வைத்த டிரைவர் அந்தத் தேடலில் அகப்படாது. அதோடு, இணைப்புகளை டாம்கேட்டே உருவாக்கித் தரும்படி அமைத்தால், டிரைவர் டாம்கேட்டின் 'லிப்' அடைவில்தான் இருந்தாக வேண்டும். சர்வர் தன் செயலிக்குள் எட்டிப் பார்த்து ஜாரை எடுத்துக்கொள்ளாது. 'பொருத்தமான டிரைவர் இல்லை' என்று லாகில் வரும் பிழைக்கு இது முதல் காரணம். முகவரியின் தொடக்கத்தில் உள்ள எழுத்துப்பிழை இரண்டாவது காரணம்.

முகவரி நான்கு துண்டுகளால் ஆனது. முதலில் ஜேடிபிசி என்ற முன்னொட்டு, அடுத்து தரவுத்தள வகையின் பெயர், பிறகு சர்வரின் பெயரும் போர்ட் எண்ணும், கடைசியில் தரவுத்தளத்தின் பெயர். போஸ்ட்கிரெஸுக்கு வழக்கமான போர்ட் 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, ஆரக்கிளுக்கு 1521, மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வருக்கு 1433. சர்வர் பெயராக 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதுவது மேம்பாட்டாளரின் கணினியில் சரியாக வேலை செய்யும். அதே செயலியை டாக்கர் கண்டெய்னருக்குள் வைத்தவுடன் அந்தப் பெயர் கண்டெய்னரையே குறிக்கும். அதற்குள் தரவுத்தளம் இருக்காது. இணைப்பு மறுக்கப்பட்டது என்று பிழை வரும். டாக்கர் கம்போஸில் தரவுத்தளச் சேவைக்கு வைத்த பெயரைத்தான் அங்கே எழுத வேண்டும். இப்படி இடத்துக்கு இடம் மாறும் எதையும் நிரலுக்குள் எழுதாமல் வெளியே எடுத்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

முகவரியின் இறுதியில் கேள்விக்குறி போட்டுச் சில அமைப்புகளைச் சேர்க்கலாம். தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் எழுத்துக் குறியாக்கத்தை இந்தக் கட்டத்திலேயே சரிபார்த்துவிடுவது நல்லது. போஸ்ட்கிரெஸில் தரவுத்தளம் யுடிஎஃப்-8 ஆக உருவாக்கப்பட்டிருந்தால் போதும், டிரைவர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மைஎஸ்கியூஎல்லில் 8.0க்கு முன்பு வரை இயல்பான குறியாக்கம் லத்தீன்-1. அப்படி உருவான அட்டவணையில் தமிழ்ப் பெயரைச் சேமிக்க முயன்றால் பிழை வரும்; கண்டிப்பு தளர்த்தப்பட்ட சர்வரில் பிழைகூட வராமல் வெறும் கேள்விக்குறிகள் சேமிக்கப்படும். அப்படிச் சேமித்தவற்றை மீட்க வழியே கிடையாது. அங்கே 'யுடிஎஃப்8' என்ற பெயரில் இருந்ததும் ஓர் எழுத்துக்கு 3 பைட் வரை மட்டுமே ஏற்கும் குறைபட்ட வடிவம். வழக்கமான தமிழ் எழுத்துகள் 3 பைட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் எமோஜிகளும், 2019இல் யூனிகோடில் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளும் 4 பைட் கேட்பவை. ஆகவே மைஎஸ்கியூஎல்லில் அட்டவணை, தரவுத்தளம் இரண்டுக்கும் 'யுடிஎஃப்8எம்பி4' என்றே வைக்க வேண்டும்.

கணக்கும் கடவுச்சொல்லும்

தரவுத்தளத்தின் தலைமைக் கணக்கைச் செயலியிடம் ஒருபோதும் கொடுக்கக்கூடாது. நூலகச் செயலிக்கு இரண்டு கணக்குகள் தேவை. அட்டவணைகளை உருவாக்கவும் மாற்றவும் அதிகாரமுள்ள கணக்கு ஒன்று. ஃப்ளைவே, லிக்விபேஸ் போன்ற கருவிகள் அதைப் பயன்படுத்தும். வரிகளைப் படிக்க, சேர்க்க, திருத்த, நீக்க மட்டும் அதிகாரமுள்ள கணக்கு இன்னொன்று. செயலி ஓடுவது இதன் பெயரில். செயலியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்து யாரோ உள்ளே நுழைந்துவிட்டாலும், அட்டவணைகளையே அழிக்கும் அதிகாரம் அவர் கைக்குப் போகாது.

கடவுச்சொல் வார் கோப்புக்குள்ளும் இருக்கக்கூடாது, கிட் களஞ்சியத்திலும் இருக்கக்கூடாது. ஒருமுறை கிட்டில் ஏறிய கடவுச்சொல்லை அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் அது அப்படியே இருக்கும்; அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்பிரிங் பூட்டில் சூழல் மாறி வழியாகக் கொடுப்பது எளிது: டேட்டாசோர்ஸ் அமைப்புகளின் பெயர்களைப் பெரிய எழுத்தில், புள்ளிகளுக்குப் பதில் அடிக்கோடு போட்டு மாறிகளாக வைத்தால் அது தானே எடுத்துக்கொள்ளும். டாம்கேட்டில் 'கான்டெக்ஸ்ட்' எக்ஸ்எம்எல் கோப்பைச் செயலிக்குள் வைக்காமல், சர்வரின் 'கான்ஃப்' அடைவுக்குக் கீழே செயலியின் பெயரிலேயே வைக்கலாம். கடவுச்சொல்லை மறையாக்கம் செய்து கோப்பில் வைக்கலாமே என்ற யோசனை பலருக்கும் வரும். அதைப் பிரிக்கும் சாவியும் அதே கணினியில் இருந்தாக வேண்டும் என்பதால் பாதுகாப்பு பெரிதாகக் கூடுவதில்லை. டாம்கேட் ஓடும் பயனர் மட்டும் படிக்கும்படி கோப்பின் அனுமதியைச் சுருக்குவதே உருப்படியான காப்பு.

டேட்டாசோர்ஸும் பூலும்

ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஓர் இணைப்பைத் திறந்து மூடுவது எழுத எளிது, ஆனால் விலை அதிகம். டிசிபி கைகுலுக்கல், டிஎல்எஸ் பேச்சு, கடவுச்சொல் சரிபார்ப்பு ஆகியவை முடிந்த பிறகுதான் முதல் குவெரி போகும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக ஒரு புராசஸையே தொடங்குகிறது. மைஎஸ்கியூஎல் இயல்பாக ஒரு த்ரெட்டை ஒதுக்குகிறது. 2 மில்லிவினாடியில் முடியும் குவெரிக்காக அதைவிடப் பல மடங்கு நேரம் இணைப்புக்கே போய்விடக்கூடும். எனவே சில இணைப்புகளை முன்பே திறந்து வைத்து, கேட்பவருக்குக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு தேவைப்படுகிறது. அதுவே கனெக்‌ஷன் பூல். செயலி அதை டேட்டாசோர்ஸ் என்ற இடைமுகத்தின் வழியே பார்க்கிறது. பூலிலிருந்து வாங்கிய இணைப்பை 'குளோஸ்' செய்தால் அது உண்மையில் மூடப்படுவதில்லை, பூலுக்குத் திரும்புகிறது.

டாம்கேட்டில் இதை அமைக்க, 'கான்டெக்ஸ்ட்' கோப்பில் 'ரிசோர்ஸ்' என்ற உறுப்பை எழுதி, அதற்கு ஒரு ஜேஎன்டிஐ பெயர், டிரைவர் வகுப்பு, முகவரி, கணக்கு, பூலின் அளவுகள் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். செயலி அந்தப் பெயரைச் சொல்லி டேட்டாசோர்ஸைத் தேடி எடுத்துக்கொள்ளும். டாம்கேட் 10இல் 'ஜாவெக்ஸ்' என்று தொடங்கும் பல பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறின. டேட்டாசோர்ஸும் ஜேஎன்டிஐயும் ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பைச் சேர்ந்தவை என்பதால் பழைய பெயரிலேயே இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டால் நிரல் கம்பைல் ஆகாது.

இங்கே இன்னொரு பழைய எச்சம் அடிக்கடி வினையாகிறது. டாம்கேட் 7 வரை பூலின் உச்ச அளவுக்கு 'மேக்ஸ்ஆக்டிவ்' என்று பெயர். டாம்கேட் 8 முதல் உள்ளே இருப்பது டிபிசிபி என்ற பூல் நூலகத்தின் இரண்டாம் பதிப்பு. அதில் பெயர் 'மேக்ஸ்டோட்டல்'. பழைய கோப்பை அப்படியே கொண்டுவந்து 'மேக்ஸ்ஆக்டிவ்' 100 என்று விட்டால், டாம்கேட் ஓர் எச்சரிக்கையை மட்டும் லாகில் எழுதிவிட்டு அந்த எண்ணைப் புறக்கணிக்கும். இயல்பான 8 இணைப்புகளோடு செயலி ஓடும். காத்திருக்கும் நேரத்துக்கான அமைப்பும் இதே போலப் பெயர் மாறியது. அதைக் கொடுக்காவிட்டால் இயல்பான மதிப்பு, வரம்பே இல்லாமல் காத்திருப்பது. டாம்கேட்டின் கோரிக்கை த்ரெட்டுகள் இயல்பாக 200. ஏதோ ஒரு காரணத்தால் 8 இணைப்புகளும் திரும்பி வராமல் போனால் 200 த்ரெட்டுகளும் ஒவ்வொன்றாக வந்து பூலின் வாசலில் நிற்கும். லாகில் பிழை எதுவும் இருக்காது. தரவுத்தளத்தின் சிபியு சும்மா இருக்கும். உலாவியில் பக்கம் சுழன்றுகொண்டே இருக்கும். 'சர்வர் தொங்கிவிட்டது' என்று சொல்லி மறுதொடக்கம் செய்வார்கள்; கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மீண்டும் தொங்கும்.

ஸ்பிரிங் பூட் 2.0 முதல் இயல்பாக வரும் பூல் ஹிகாரிசிபி. அதன் இயல்பு மதிப்புகள் இன்னும் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை: உச்ச அளவு 10, காத்திருப்பு 30 வினாடி, ஓர் இணைப்பின் ஆயுள் 30 நிமிடம். இந்த வரம்புகள் இருப்பதால் கோளாறு வரும்போது 'இணைப்பு கிடைக்கவில்லை' என்ற பிழையாவது லாகில் விழும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஹிகாரிசிபியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

எத்தனை இணைப்புகள்

பூல் பெரிதாக இருந்தால் செயலி வேகமாக ஓடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பெரும்பாலும் தவறு. நான்கு கோர் உள்ள தரவுத்தள சர்வர் ஒரே கணத்தில் நான்கு குவெரிகளுக்குத்தான் சிபியு கொடுக்க முடியும். சில குவெரிகள் வட்டுக்காகக் காத்திருக்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் வழங்கும் கணக்கு இது: கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. நான்கு கோரும் ஒரு வட்டும் என்றால் 9. இது தொடக்க மதிப்புதான். உண்மையான சுமையில் சோதித்துப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். ஆனால் அந்த எண் பத்தைச் சுற்றி இருக்கிறது, இருநூறைச் சுற்றி இல்லை என்பது கவனிக்கத்தக்கது. 200 இணைப்புகளைக் கொடுத்தால் அவை சிபியுவுக்கும் பூட்டுகளுக்கும் நினைவகத்துக்கும் போட்டி போட்டு எல்லாக் குவெரிகளையும் சேர்த்தே தாமதமாக்கும்.

தேவையை இன்னொரு பக்கத்திலிருந்தும் கணக்கிடலாம். வினாடிக்கு எத்தனை கோரிக்கைகள் வருகின்றன என்பதை, ஒவ்வொன்றும் இணைப்பைக் கையில் வைத்திருக்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால், ஒரே நேரத்தில் பயன்பாட்டில் இருக்கும் இணைப்புகளின் சராசரி கிடைக்கும். வினாடிக்கு 100 கோரிக்கைகள், ஒவ்வொன்றும் 30 மில்லிவினாடி என்றால் 3 இணைப்புகள். அதுவே 300 மில்லிவினாடி ஆனால் 30 இணைப்புகள். ஆகவே பூல் போதவில்லை என்று தெரிந்தால், எண்ணைக் கூட்டுவதற்கு முன் இணைப்பு ஏன் இவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வழக்கமான குற்றவாளிகள் இரண்டு. டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே எஸ்எம்எஸ் சேவையையோ கட்டண வாசலையோ அழைப்பது ஒன்று: வெளிச்சேவை 3 வினாடி எடுத்தால் இணைப்பும் 3 வினாடி சும்மா கிடக்கும். ஸ்பிரிங் பூட்டில் இயல்பாக இயங்கும் 'ஓப்பன் இன் வியூ' அமைப்பு மற்றொன்று. அது இருக்கும்போது ஒருமுறை எடுத்த இணைப்பு, பக்கம் முழுவதும் உருவாகி முடியும் வரை பூலுக்குத் திரும்பாமல் போகலாம். புதிய செயலிகளில் அதை முதல் நாளே அணைத்துவிடுவது சிறந்தது. பின்னால் அணைத்தால், அதை நம்பி எழுதிய நிரல்கள் உடையும்.

மேல் எல்லை தரவுத்தளத்தின் பக்கம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளை ஏற்கும். அதில் 3 தலைமைக் கணக்குக்கென ஒதுக்கப்பட்டவை. மைஎஸ்கியூஎல் ஏற்பது 151. பூலின் அளவு என்பது ஒரு செயலிப் பிரதிக்கு மட்டும் உரிய எண் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நூலகச் செயலி 4 பிரதிகளாக ஓடி, ஒவ்வொன்றிலும் பூல் 20 என்றால் 80 இணைப்புகள். எல்லைக்குள் இருப்பது போலத் தோன்றும். புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய பிரதி நிற்பதற்கு முன் புதிய பிரதி ஒன்று கூடுதலாக எழும். அப்போது 100 வேண்டும், இருப்பது 97. புதிய பிரதி தொடங்க முடியாமல் தவிக்கும். காப்பு எடுக்கும் வேலையும், நிர்வாகி திறந்து வைத்திருக்கும் திரையும் இதே 97க்குள் அடங்க வேண்டும். பிரதிகளின் எண்ணிக்கை தானாகக் கூடிக் குறையும் ஏற்பாடு இருந்தால், நடுவில் பிஜிபவுன்சர் போன்ற ஒரு பொதுப் பூலரை வைப்பது பற்றி யோசிக்கலாம்.

ஒரு த்ரெட் ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளைக் கேட்கும் நிரல்களும் உண்டு. ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் இன்னொரு தனி டிரான்சாக்‌ஷனைத் தொடங்குவது இந்த வகை. பத்து த்ரெட்டுகள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருந்தால், பத்து இணைப்புகள் உள்ள பூலில் யாரும் நகர முடியாது. அந்த நிலையில் குறைந்தது 11 தேவை: யாராவது ஒருவர் வேலையை முடித்து வெளியேற அந்தப் பதினோராவது இணைப்பு போதும்.

எவ்வளவு நேரம்

நேர வரம்புகள் பல இடங்களில் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாக வைக்காமல் ஒன்றோடொன்று பொருந்தும்படி வைக்க வேண்டும். பூலின் முன் காத்திருக்கும் நேரம், செயலிக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸின் வரம்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதன் இயல்பான வாசிப்பு வரம்பு 60 வினாடி. மனிதர்கள் பார்க்கும் பக்கத்துக்கு ஹிகாரிசிபியின் 30 வினாடியே அதிகம். 3 முதல் 5 வினாடி வைத்தால், நெருக்கடியில் சிலருக்குப் பிழைப்பக்கம் உடனே தெரியும், மற்றவர்களுக்குச் செயலி தொடர்ந்து ஓடும்.

சாக்கெட் வரம்பு பெரும்பாலும் விட்டுப்போகிறது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டின் டிரைவரிலும் அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது வரம்பில்லை. தரவுத்தளக் கணினி திடீரென வலையிலிருந்து மறைந்தால், பதிலுக்குக் காத்திருக்கும் த்ரெட் மிக நீண்ட நேரம் அப்படியே நிற்கும். ஆகவே இதற்கு ஓர் எண் கொடுத்தே ஆக வேண்டும். அதே சமயம் சாக்கெட் வரம்பு முந்திக்கொண்டால் செயலி மட்டும் விலகிப்போகும். தரவுத்தளத்தில் அந்தக் குவெரி தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கலாம். போஸ்ட்கிரெஸில் செயலியின் கணக்குக்கே குவெரி நேர வரம்பு ஒன்றை, சாக்கெட் வரம்பைவிடக் குறைவாக, வைத்துவிட்டால் குவெரி தரவுத்தளத்திலேயே நிறுத்தப்படும். குவெரிக்கு 20 வினாடி, சாக்கெட்டுக்கு 30 வினாடி என்பது நியாயமான தொடக்கம். மணிக்கணக்கில் ஓடும் அறிக்கைகளுக்கு வேறு கணக்கும் வேறு பூலும் வைக்க வேண்டும்.

இணைப்பின் ஆயுள் அடுத்தது. மைஎஸ்கியூஎல் 28,800 வினாடி, அதாவது 8 மணி நேரம், சும்மா இருக்கும் இணைப்பைத் தானே மூடிவிடும். மாலையில் அலுவலகம் மூடி, காலையில் திறந்ததும் முதலில் நுழைபவருக்குப் பிழை வந்து, மறுமுறை முயன்றதும் சரியாகும் செயலிகளின் கதை இதுதான். பூல் வைத்திருப்பது இறந்த இணைப்பு என்று பூலுக்கே தெரியாது. ஃபயர்வால்களும் முகவரி மாற்றிகளும் இதைவிடக் கண்டிப்பானவை: அமேசானின் நாட் கேட்வே 350 வினாடி அசைவில்லாத இணைப்பை மறந்துவிடுகிறது. பூலில் வைக்கும் ஆயுள், தரவுத்தளமோ இடையில் உள்ள கருவியோ வைத்திருக்கும் எந்த வரம்பையும்விடக் குறைவாக இருக்க வேண்டும். அல்லது இடையிடையே உயிர்ப்புச் சோதனை அனுப்பும் அமைப்பை இயக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் இணைப்பைச் சோதிப்பதை ஹிகாரிசிபி தானாகச் செய்கிறது. டிபிசிபியின் இரண்டாம் பதிப்பிலும் அது இயல்பாகவே இயங்குகிறது. மைஎஸ்கியூஎல் டிரைவரின் 'தானாக மறு இணைப்பு' அமைப்பை இதற்குப் பயன்படுத்தக்கூடாது; டிரான்சாக்‌ஷனின் நடுவே இணைப்பு மாறினால் செயலி அதை உணராமல் போகலாம்.

திருப்பிக் கொடுத்தல்

எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் பூல் வற்றிப்போவதற்குக் காரணம் கசிவு. வாங்கிய இணைப்பை, நிரலின் ஏதோ ஒரு கிளை திருப்பிக் கொடுக்காமல் விட்டிருக்கும். பெரும்பாலும் அது பிழை நேரும் கிளை: உறுப்பினர் எண் தவறாக வந்தால் மட்டும் ஓடும் வரி, அங்கேயே எக்ஸெப்ஷனை எறிந்துவிட்டு வெளியேறும், கீழே எழுதியிருந்த 'குளோஸ்' எட்டப்படாது. 2011இல் ஜாவா 7 உடன் வந்த 'டிரை-வித்-ரிசோர்சஸ்' வடிவத்தில் இணைப்பு, ஸ்டேட்மென்ட், ரிசல்ட்செட் மூன்றையும் எழுதினால் எந்தக் கிளையிலும் அவை மூடப்படும். நேரடியாக ஜேடிபிசி எழுதும் இடத்தில் வேறு வடிவத்தை ஏற்கவே வேண்டாம். பழைய நிரலில் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, ஹிகாரிசிபியின் கசிவு வரம்பை 10 வினாடி போல வைத்தால், அதற்குமேல் இணைப்பைப் பிடித்திருக்கும் நிரல் வரியை அதுவே லாகில் காட்டும். டிபிசிபியில் கைவிடப்பட்ட இணைப்பைப் பிடுங்கும் அமைப்பும், அதை லாகில் எழுதும் அமைப்பும் தனித்தனி. முதலாவதை மட்டும் இயக்கினால் நோய் மறைந்திருக்கும், இரண்டாவதை இயக்கினால்தான் இடம் தெரியும்.

திரும்பி வரும் இணைப்பில் முந்தைய பயனரின் மிச்சமும் இருக்கலாம். ஆட்டோகமிட், ஐசோலேஷன் நிலை ஆகியவற்றை ஹிகாரிசிபி பழைய நிலைக்கு மீட்டுவிடும். செயலி நேரடியாக எஸ்கியூஎல்லில் மாற்றிய நேர வலயம், தற்காலிக அட்டவணைகள் போன்றவை அப்படியே தங்கும். அவற்றை மாற்றிய நிரலே மீட்டுவிட்டுப் போக வேண்டும்.

சோதித்துப் பார்த்தல்

உற்பத்திச் சூழலுக்குப் போகும் முன் இணைப்பு அமைப்பை வேண்டுமென்றே உடைத்துப் பார்க்க வேண்டும். செயலியைச் சுமையோடு ஓடவிட்டு, தரவுத்தளத்தை நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்துத் தொடங்க வேண்டும். நிறுத்திய சில வினாடிகளில் பிழைப்பக்கம் வர வேண்டும். தொடங்கிய பிறகு செயலி மறுதொடக்கம் இல்லாமல் தானே மீள வேண்டும். அடுத்து, தரவுத்தளத்தை நிறுத்தாமல் ஃபயர்வாலில் அதன் போர்ட்டை அடைத்துப் பார்க்க வேண்டும். சாக்கெட் வரம்பு வேலை செய்கிறதா என்பது இதில்தான் தெரியும்.

ஓடும் செயலியில் பார்க்க வேண்டிய எண்கள் மூன்று: பயன்பாட்டில் உள்ள இணைப்புகள், சும்மா இருப்பவை, வரிசையில் காத்திருக்கும் த்ரெட்டுகள். முக்கியமானது மூன்றாவது, அது தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் பூல் நெருக்கடியில் இருக்கிறது. தரவுத்தளப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். போஸ்ட்கிரெஸில் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' என்ற பட்டியலும், மைஎஸ்கியூஎல்லில் புராசஸ் பட்டியலும் ஒவ்வோர் இணைப்பும் என்ன செய்கிறது என்று காட்டும். போஸ்ட்கிரெஸ் முகவரியில் செயலியின் பெயரையும் சேர்த்துவிட்டால், எந்த இணைப்பு எந்தச் செயலியுடையது என்பது அந்தப் பட்டியலில் தெரியும். அதில் 'டிரான்சாக்‌ஷனுக்குள் சும்மா' என்ற நிலையில் நிமிடக்கணக்கில் ஓர் இணைப்பு நின்றால், அது கடைசியாக ஓட்டிய குவெரியும் அதே வரிசையில் இருக்கும். நிரலில் அந்தக் குவெரிக்கு அடுத்து என்ன நடக்கிறது என்று பார்த்தால், இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும் இடம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.